பதினேழு தையல்

இந்தப் பக்கமா வந்து உக்காருங்க. அங்க வேண்டாம். எனக்கு எடது காது கேக்காதுங்க. நீங்க ஒண்ணு கேட்டு நான் ஒண்ணு சொல்லி, பையனோட அத்தை மாத்திப் பேசறாள்னு பேரு வந்துரக் கூடாது பாருங்க. பொண்ணக் குடுக்கற எடம். நாலு பேர்த்த விசாரிக்காமக் குடுக்க முடியுமா? நானா இருந்தாலும் இப்படித்தான் யாருக்கும் சொல்லாமத் தனியாக் கெளம்பி வந்துருப்பேன்.

நங்கையாதான் எங்கிட்ட அனுப்புச்சுங்களா? அதானே பாத்தேன். என்ற அண்ணன் சம்சாரம்ங்கறதுக்காகச் சொல்லுல, சரசாத்தா மாதர ஒரு பொம்பளைய இந்தச் சுத்துவட்டாரத்துல பாக்க முடியாது. வாயே தொறக்காது. இப்பவும் பாருங்க, பெத்த பையனப் பத்தி நாலு வார்த்த நல்லதாச் சொல்லி அனுப்பறத உட்டுப்போட்டு, 'எனக்குப் பேச வராதுங்க, பின்னாடி ஊட்டுல என்ற நாத்தனா பாவாயி இருக்கா, அவளக் கேளுங்க, ஒண்ணு உடாமச் சொல்லுவா'ன்னு அனுப்பியிருக்குது. எம்மேல அத்தன நம்பிக்க அதுக்கு.

காபி எடுத்துக்குங்க. ஆறுனா நல்லாருக்காது.

உங்க பொண்ணு பேரு பூர்ணிமாங்களா? டெய்லரிங் படிச்சிருக்குதுன்னு தரகரு சொன்னாரு. ஊசி புடிச்சாக் கை ஆடாதுங்களே? சிலதுக்கு ஆடும். ஆடாதா? அப்ப நல்லதுங்க. எனக்கும் சின்ன வயசுல ஆடுச்சு, அண்ணன்தான் நிறுத்துச்சு.

பையன் தினகரனப் பத்திச் சொல்லோணும்னா அவங்கப்பனப் பத்தித்தான் மொதல்ல சொல்லோணும். அப்பன உரிச்சு வெச்சிருக்கறான். அதோ படத்துல இருக்குதே, அதுதான் என்ற அண்ணன் சென்னியப்பன். போயி மூணு வருசமாச்சு, வர்ற தை வந்தா நாலு. கையில புடிச்சிருக்கறது ஒரு கறுப்புச் சேவல். அது ஒம்பது கட்டு செயிச்சுதுங்க. படத்துல அண்ணன் சிரிக்குதில்ல? சேவயக் கையில புடிச்சிருந்தா மட்டுந்தான் சிரிக்கும்.

உங்கூர்ப்பக்கம் சேவக்கட்டு உண்டுங்களா? இங்க அந்தக் காலத்துல தைப் பொங்க நோம்பி வந்தா ஆத்தோரம் கூட்டம் நிக்க எடமிருக்காது. சேவ காலுல கத்தி கட்டி உடுவாங்க. விரல் நீளந்தான் இருக்கும், பட்டாச் சவரக்கத்தி. தோத்த சேவலுக்குக் கோச்சைன்னு பேரு. செத்தாலும் பொழச்சாலும் அது செயிச்சவனுக்கு. கோச்சைக் கறி மாதர ருசி வேற எந்தக் கறிக்கும் வராதுங்க. அண்ணன் தோத்து நான் பாத்தது ரொம்பக் கொறச்சல். ஆனா செயிச்ச சேவலும் சும்மா வராது. நெஞ்சோ தொடையோ கிழிஞ்சு, சில நேரம் கொடலு வெளிய தெரிய வரும். அதத் தச்சு ஒரு மாசம் வெச்சிருந்தா மறுபடி கட்டுக்குப் போகும். அந்தத் தையலு நான் போடறதுங்க.

எங்கம்மா அப்பன் ரெண்டு பேரும் நான் பத்து வயசா இருக்கறப்பவே போயிச் சேந்துட்டாங்க. அண்ணனுக்கு அப்ப இருவது. அதுதான் என்னய வளத்துச்சு. மொத மொதல்ல ஒரு சேவ நெஞ்சு பொளந்து வந்தப்போ, மஞ்சத்தூளையும் ஊசியையும் எங்கையில குடுத்து 'தைடி'ன்னுச்சு. ரத்தத்தப் பாத்து நான் அழுதேன். 'அழுதாக் கண்ணு மறைக்கும், கண்ணு மறைச்சாத் தையல் கோணும்'னு பொறுமையாச் சொல்லிக் குடுத்துச்சுங்க. பள்ளிக்கூடத்து வாத்தியாருகூட அத்தன பொறுமையாச் சொன்னதில்ல. நாலாவது சேவலுக்கெல்லாம் கை பழகிருச்சு. அப்பறம் பள்ளிக்கூடம் எதுக்குன்னு நிறுத்திருச்சு.

இந்தக் காதா? அது பதிமூணு வயசுல. அண்ணனோட உசுரான சேவ ஒண்ணு. நான் போட்ட தையலு உட்டுருச்சு, விடியறதுக்குள்ள செத்துப் போச்சு. என்ற தப்புதாங்க. நூல ரெட்டையாப் போட்டிருக்கோணும், ஒத்தையாப் போட்டுட்டேன். கேட்டுச்சு, 'ஒத்த நூலா?'ன்னு. 'ஆமாண்ணா'ன்னேன். ஒரே அறை. மூணு நாளு காதுல வண்டு பறக்கற மாதர சத்தம், நாலாம் நாளு ஒண்ணுமே கேக்குல. பக்கத்தூட்டு அக்கா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்னாங்க. அண்ணன் உடுல. 'ஆஸ்பத்திரிக்குப் போனா எப்படி ஆச்சுன்னு கேப்பான், கேசு ஆயிரும்'னுச்சு.

ஆனா என்ன பாசம் பாருங்க. அந்த வாரம் சந்தைக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு சோடி சிமிக்கி வாங்கிப் போட்டுச்சு. இதுதான். கேக்கற காதுக்கும் கேக்காத காதுக்கும் சேத்து. வழியெல்லாம் எங்கையப் புடிச்சுக்கிட்டே வந்துச்சு. அடிக்கற கைதான் அணைக்கும்னு சும்மாவா சொன்னாங்க.

அதுக்கப்பறம் நான் ஒத்த நூலு போட்டதே இல்ல.

கல்யாணமா, எனக்கா? ஆச்சுங்களே. தாராபுரம் பக்கம். ஆளு நல்லவருதான், ஆனா தெகிரியம் பத்தாது. கோழி அறுக்கறதக்கூடப் பாக்க மாட்டாரு. அந்தூட்டுல ஏழு மாசம் இருந்தேன். அந்த ஏழு மாசமும் ஊசி தொடுல. சொன்னாச் சிரிப்பீங்க, இந்தக் கேக்காத காதுல வந்து ரகசியம் பேசுவாரு. 'எனக்குத்தான் கேக்காதே'ன்னா, 'அதுக்குத்தான் இந்தக் காதுல சொல்றேன்'ம்பாரு. என்ன சொன்னாருன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாதுங்க.

அவரு பண்ணுன தப்பு ஒண்ணே ஒண்ணு. தை நோம்பிக்கு விருந்துக்கு வந்தவரு, சோத்துக்கு உக்காந்துட்டு, 'மச்சான், பாவாயிய கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போயிக் காதைக் காட்டலாம்னு இருக்கறேன்'னாரு. அண்ணன் சாப்பிட்ட கையோட எந்திரிச்சுது. 'என்ற தங்கச்சி காதுல என்னடா கொறையக் கண்ட?'ன்னு கேட்டுச்சு. 'கொறைன்னு சொல்லுல மச்சான், கேட்டா நல்லதுதானே'ன்னாரு. கதவுக்குப் பின்னால நெலம் கொத்தற கடப்பாரை இருந்துச்சுங்க.

அவருக்குக் கை ரெண்டு எடத்துல ஒடஞ்சு போச்சு. மொழங்கை எலும்பு வெளிய வந்துருச்சு. நான் ஓடிப் போயி ஊசி எடுத்தாந்தேன். அண்ணன் 'வேண்டாம், அவன் ஊருக்குப் போயித் தச்சுக்கட்டும்'னுச்சு. நடந்தே போனாரு. பஸ்ஸு நிக்கற எடம் வரைக்கும் ரத்தம் சொட்டியிருந்துச்சு. மறுநா வெடியால நாந்தான் தண்ணி ஊத்திக் கழுவுனேன். அப்பறம் ரெண்டு தடவ வந்தாராமா, என்னயக் கூட்டிட்டுப் போறதுக்கு. ரெண்டு தடவையும் அண்ணன் ஊருக்கு வெளியவே பாத்துப் பேசி அனுப்பிருச்சு. எப்படிப் பேசுச்சுன்னு நான் கேக்குல. மூணாந்தடவ வருல. தெகிரியம் பத்தாதுன்னு சொன்னேனே.

தங்கச்சிக்குக் கொறைன்னு ஒரு வார்த்த வந்ததுக்கே அந்த ரோசம்னா, எம்மேல எத்தன உசுரு வெச்சிருந்திருக்கோணும்? நீங்களே சொல்லுங்க. ஒரு நாளு பூரா அழுதேன், இல்லேன்னு சொல்லுல. அடுத்த நாளு அண்ணன் பெரிய கோச்சையா ஒண்ணு கொண்டாந்து, அதுவே ஈரலத் தனியா எடுத்து எனக்குன்னு வெச்சுச்சு. முப்பது வருசமாச்சு. இந்தப் பின்னாடி ஊட்ட எனக்குன்னே கட்டிக் குடுத்துச்சுங்க. எந்த அண்ணன் செய்வான்?

நங்கையா வந்தது அதுக்கு அடுத்த வருசம். மொத மொதல்ல நல்லாப் பேசும். பாட்டுக்கூடப் பாடும். அப்பறம் அண்ணனோட கொணம் புரிஞ்சு அடங்கிருச்சு. ஒரு தடவ சேவலுக்கு ஊற வெச்ச பாதாமுல ரெண்டு எடுத்துப் பையனுக்குக் குடுத்துருச்சு. தினகரன் அப்பக் கைக்கொழந்த மாதர. அண்ணன் செம்பு எடுத்து ஒண்ணு வெச்சுச்சு. வலது புருவம் பொளந்து கண்ணு தெரியாம ரத்தம். நங்கையா 'ஆஸ்பத்திரி'ன்னு ஒரே ஒரு தடவ சொல்லுச்சு. அண்ணன், 'கேசு ஆயிரும். பாவாயி இருக்கறா, தைப்பா'ன்னுச்சு.

மூணு தையல் போட்டேன். ரெட்டை நூலு. நீங்க முன்னாடி ஊட்டுல பாத்தீங்களே, தழும்பு தெரிஞ்சுதுங்களா? தெரியாது. அத்தன சன்னமாப் போட்டிருக்கேன். ஊசி எறங்கறப்ப அது கத்துல, அழுகுல, என்ற மூஞ்சியவே பாத்துட்டிருந்துச்சு. அதுக்கப்பறமும் ஒதட்டுல ரெண்டு, பொடனில நாலு, கையில ஒரு தடவ. எதுக்கும் ஆஸ்பத்திரின்னு அது வாயத் தொறக்குல. ஒரு தடவ சொன்னாப் போதும் நங்கையாவுக்கு. இந்தக் காலத்துப் பொம்பளைங்களுக்கு அந்த அடக்கம் எங்க வருது?

நீங்க என்னங்க ஒரு மாதரயாப் பாக்கறீங்க? கோவமிருக்கற எடத்துலதான் கொணமிருக்குமுங்க. அண்ணன் அடிச்சதத்தான் ஊரு சொல்லும். அடிச்ச கையோட அதுவே மஞ்ச கொழச்சுக் குடுக்கும், அத யாரு சொல்றா?

அண்ணன் செத்த கதையச் சொல்றேன், கேளுங்க. அதக் கேட்டாத்தான் நங்கையா எப்பேர்ப்பட்டவள்னு உங்களுக்குத் தெரியும். சம்பந்தியாகப் போறவங்களுக்குத் தெரியோணுமில்ல.

அந்த வருசம் கட்டு நடத்தக் கூடாதுன்னு போலீசு சொல்லிருச்சு. முள்ளுக்காட்டுக்குள்ள திருட்டுத்தனமா நடத்துனாங்க. அண்ணன் கொண்டு போனது செங்கீரின்னு ஒரு சேவ. ரெண்டு வருசமா வளத்தது. கெணத்துல நீச்சலடிக்க உட்டு, ஒத்தடம் குடுத்து, புள்ளையாட்டம் வளத்துச்சு. அந்தச் சேவ களத்துல எறங்கி ரெண்டு வீச்சு வீசிப்போட்டு, திரும்பி ஓடிருச்சுங்க. அடிபட்டுத் தோத்தாப் பரவால்ல. முதுகக் காட்டி ஓடறத என்ற அண்ணன் எப்படித் தாங்கும்? எல்லாருஞ் சிரிச்சுட்டாங்களாமா.

சேவயத் தூக்கறதுக்கு முன்னால கத்திய அவுக்கோணுமுங்க. சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும். ஒருத்தரு ரெண்டு காலையும் புடிச்சுக்குவாரு, கட்டுனவரே அவுப்பாரு. நாப்பது வருசம் சேவ புடிச்ச கை, அன்னிக்கு மறந்து போச்சு. ஓடற சேவயத் தாவிப் புடிச்சு, இடுப்போட அணைச்சுக்கிட்டு, கழுத்தத் திருகிருச்சு. சேவ உசுரு போறப்ப ரெண்டு ஒதை ஒதைக்குமில்ல? ரெண்டாவது ஒதையில கத்தி அண்ணனோட தொடைச் சந்துல எறங்கிருச்சு.

போலீசு வருதுன்னு யாரோ கத்த, கூட்டம் கலஞ்சு போச்சு. ரெண்டு பேரு ஒரு டெம்போவுல தூக்கிப் போட்டுக் கொண்டாந்து, முன்னாடி ஊட்டுல கட்டல்ல கெடத்திப்போட்டு ஓடிட்டாங்க. மத்தியானச் சோத்து நேரம். தினகரன் முருங்கைக்கா மண்டியில இருந்தான். ஊட்டுல நானும் நங்கையாவுந்தான். வேட்டியெல்லாம் நனஞ்சு, கட்டலுக்கடியில சொட்டிச் சொட்டித் தேங்கி நிக்குது. கழுத்துத் திருகுன சேவய அண்ணன் இன்னும் கையில புடிச்சிருக்குது. நாந்தான் விரல ஒண்ணொண்ணாப் பிரிச்சு எடுத்தேன்.

அண்ணன் சொல்லுச்சுங்க, 'ஆஸ்பத்திரிக்குப் போலாம், சரசு'ன்னு. அண்ணன் வாயில அந்த வார்த்தைய அன்னிக்குத்தான் கேட்டேன். நானும் பயந்துட்டேன். 'நங்கையா, காரு கூப்படலாமா?'ன்னேன்.

நங்கையா போயி வாசக் கதவச் சாத்தித் தாழ் போட்டுச்சு. பின்னால பொடக்காளிக் கதவையும் சாத்துச்சு. வந்து கட்டலு பக்கத்துல உக்காந்து, அண்ணன் மூஞ்சியப் பாத்து, மெதுவாச் சொல்லுச்சு. 'கேசு ஆயிருமுங்க. பாவாயி இருக்கறா, தைப்பா.'

பாருங்க. புருசன் சாகக் கெடக்கற நேரத்துலயும் புருசன் சொன்ன சொல்ல மீறுல. யாருக்கு வரும் அந்தப் புத்தி? எனக்கு மேலெல்லாம் சிலுத்துப் போச்சு.

நான் தச்சேன். நங்கையா சொம்புல தண்ணி கொண்டாந்துச்சு, நூலு கோத்துக் குடுத்துச்சு, துணி மாத்தி மாத்தித் தொடச்சுக் குடுத்துச்சு. நடுவுல போனு அடிச்சுது, தினகரனாத்தான் இருக்கும், அண்ணனுக்குத் தொந்தரவுன்னு அதை அமத்தி மடியில வெச்சுக்கிச்சு. அண்ணன் ரெண்டு மூணு தடவ 'ஆஸ்பத்திரி'ன்னுச்சு. அப்பறம் 'தண்ணி'ன்னுச்சு. அப்பறம் எங்கம்மாவக் கூப்புட்டுச்சு. நங்கையா அண்ணனோட நெத்தியத் தடவிக் குடுத்துக்கிட்டே, 'கத்தாதீங்க, கண்ணு மறைச்சாத் தையல் கோணும்'னு சொல்லுச்சு. அண்ணன் எனக்குச் சொல்லிக் குடுத்த அதே வார்த்த. எப்பக் கேட்டு ஞாபகம் வெச்சிருந்துச்சோ தெரியுல.

பதினேழு தையல். எண்ணிப் போட்டேன். என்ற ஆயுசுல அத்தன நேராத் தையல் போட்டதில்ல. கடைசி முடிச்சுப் போட்டப்ப வெளிய ஒரு சொட்டு ரத்தம் வருல. 'நின்னு போச்சு நங்கையா'ன்னு அழுதேன் சந்தோசத்துல. தொடை மட்டும் வீங்கிக்கிட்டே வந்துச்சு, பூசணிக்கா மாதர. அண்ணன் மூஞ்சி வெள்ளையாயிட்டே போச்சு. கொஞ்ச நேரத்துல என்னயப் பாத்த கண்ணு பாத்தபடியே நின்னு போச்சு.

அதுக்கப்பறந்தான் நங்கையா எந்திரிச்சுப் போயிக் கதவத் தொறந்துச்சு.

அறுத்துப் பாத்த டாக்டரு சொன்னாராமா, உள்ளுக்குள்ள பெரிய நரம்பு அறுந்திருக்குது, மேல தோலு மூடுனதால உள்ளயே ரத்தம் கொட்டிருச்சு, உடனே கொண்டாந்திருந்தாப் பொழச்சிருக்கும்னு. அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. ஆனா அவரே கேட்டாராமா, 'யாரு தச்சது, இத்தன சுத்தமா?'ன்னு. எனக்கு அது ஒண்ணு போதும். என்ற கையிலதான் அண்ணன் போச்சு, வேற யாரு கையிலயும் இல்ல. இன்னிக்கும் யாராவது 'ஏ பாவாயி'ன்னு சத்தமாக் கூப்புட்டா, அண்ணன்தானோன்னு எங்கை தானா வந்து இந்தக் காத மூடிக்கும். பாசம் அப்படி.

தினகரனா? சொல்லத்தானே வந்தேன். சேவச் சங்காத்தமே கெடையாதுங்க, அதுக்கு நான் பொறுப்பு. மண்டி உண்டு, ஊடு உண்டுன்னு இருப்பான். கோவம் வரும், அது ரத்தத்துல வந்தது. போன ஆனியில மூட்டை எறக்கற ஆளு எதுத்துப் பேசுனான்னு கொக்கியால ஒண்ணு வெச்சுட்டான். அந்தாளுக்கு நாந்தான் தச்சேன், பாவம், பொறுத்துக்கிட்டான். வெளிய ஒருத்தருக்கும் தெரியாது.

அம்மாமேல அவனுக்கு உசுருங்க. முந்தாநேத்து சோத்துல உப்பு எச்சாப் போச்சுன்னு வட்டிலு கை தவறிப் போயி, நங்கையாவுக்கு எடது புருவத்துல ஒரு சின்னக் காயம். அதான் முக்காடு போட்டிருக்குது, நீங்க கவனிச்சீங்களா? ரெண்டே தையல். 'ஆஸ்பத்திரிக்குப் போனாக் கேசு ஆயிரும், அத்த இருக்கறா'ன்னு அப்படியே அவங்கப்பன் சொன்ன மாதரயே சொன்னான். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு, அண்ணனே திரும்பி வந்த மாதர. நங்கையாதான் வழக்கமா ஆடாம உக்காந்திருக்கும், அன்னிக்கு ஊசி எறங்கறப்ப எங்கையப் புடிச்சுக்கிச்சு. 'நாளன்னிக்கு ஒருத்தங்க வருவாங்க, எல்லாத்தையுஞ் சொல்லு பாவாயி, அண்ணன் கதையும் சேத்துச் சொல்லு, ஒண்ணும் உட்டுராத'ன்னுச்சு. நீங்க வர்றது அதுக்கு முன்னமே தெரிஞ்சிருக்குது போலிருக்குது. நீங்க சொல்லியனுப்பலையா? அப்ப அதுதான் உங்களுக்குப் போனு பண்ணுச்சா?

ஏனுங்க, எந்திரிச்சுட்டீங்க? காபி அப்படியே இருக்குது. பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்குது, இருங்க, போறப்ப முருங்கைக்கா ஒரு கட்டுக் குடுத்து உடறேன். அங்க பாருங்க, நங்கையா முன்னூட்டுப் பின்வாசல்லயே நிக்குது, நீங்க வந்ததுலருந்து நிக்குது. உங்களத்தான் பாக்குது. சம்பந்தி ஆகப்போறீங்கன்னு அதுக்கு எத்தன ஆசை.

நீங்க ஒண்ணுக்கும் யோசிக்காதீங்க. பொண்ணுக்கு ஊசி புடிச்சாக் கை ஆடாதுன்னு சொன்னீங்களே, அது ஒண்ணு போதும் எங்களுக்கு. எனக்குக் கண்ணு மங்கிட்டே வருது, முந்தாநேத்து நூலு கோக்கவே அத்தன நேரமாச்சு. எனக்கப்பறம் இந்தூட்டுல தைக்கறதுக்கு ஒரு ஆளு வேணுமில்லீங்களா.